நாள்பட்ட இடுப்புவலி: அளவு தெரிந்தால் பாதி கஷ்டம் குறையும்

மூன்று மாதத்தைத் தாண்டிய இடுப்புவலியில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்துச் செய்வார்கள். மறுநாள் எழ முடியாமல் படுத்துவிடுவார்கள். எந்தப் பயிற்சி என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். பத்து நிமிட நடையில் வலி ஏறத் தொடங்குகிறதா? ஏழு நிமிடத்தில் நிறுத்துங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் அதே ஏழுதான். இதைக் கடைப்பிடிப்பதுதான் சிரமம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பிரிவினருக்கு வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஐந்து முறை, அரை மணி நேரம் என்பது இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்குப் பிறகு) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

காலை வேளையில் தனிக் கவனம் வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல உள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நிலையில் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து கோலம் போடுவது, வாளி தூக்குவது, அரிவாள்மணையில் உட்காருவது வேண்டாம். எழும்போது நேராக நிமிராமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுப்பவர்கள் ஒருக்களித்தபின் தவழும் நிலைக்கு வந்து, ஒரு காலை முன்னே ஊன்றி, அந்த முழங்காலில் கையை அழுத்தி எழலாம்.

பயிற்சிக்கும் அதே தவழும் நிலைதான். முதலில் முதுகை மெதுவாக வளைத்து, இறக்கி ஆறேழு முறை. பிறகு வலது கையை முன்னால், இடது காலைப் பின்னால் நீட்டி எட்டு முதல் பத்து விநாடி. இப்படிக் கை, கால் மாற்றி ஒவ்வொரு பக்கமும் ஆறு முறை, சற்று ஓய்வு, பிறகு நான்கு, கடைசியில் இரண்டு. காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இடுப்பு உள்வாங்கி வலி கூடும். இடுப்பின் மேல் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள், சரிந்தால் கால் உயர்ந்துவிட்டது அல்லது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. மூச்சை அடக்க வேண்டாம். கை நடுங்கினால் காலை மட்டும் நீட்டினால் போதும். குனிந்து கால்விரலைத் தொடுவதையும், மல்லாந்து இரு கால்களையும் நேராகத் தூக்குவதையும் இந்தக் கட்டத்தில் விட்டுவிடலாம்.

பயிற்சியின்போது வலி சற்று கூடி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி. கெண்டைக்கால் பக்கம் இறங்கினால் நிறுத்துங்கள். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறி வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, பாதம் வலுவிழப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்கு. காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தாலும், விழுந்தபின் வந்த வலியானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பு பெல்ட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி, நாள்பட்ட வலிக்கு அதை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. கட்டாந்தரையில் படுத்தால்தான் குணமாகும் என்பதும் பழைய நம்பிக்கை. 2003-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில் கடின மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே பலன் தந்தது.

வலி திடீரெனக் கிளம்பும் நாளில் தரையில் மல்லாந்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம் படுங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். மணிக்கொரு முறை எழுந்து வீட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள். நாள் முழுக்கப் படுத்தால் மறுநாள் பிடிப்பு கூடிவிடும். அடங்கியதும் பழைய அளவுக்குத் தாவாமல், அதில் பாதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.