சி.டி. ஸ்கேன் நார்மல், ஆனாலும் தம்பி எழவில்லை

பைக் விபத்தில் தலையில் அடிபட்டுத் தம்பி ஐ.சி.யூ.வில் கிடந்தபோது எங்களை அதிகம் குழப்பியது, "சி.டி. கிட்டத்தட்ட நார்மல்தான்" என்று டாக்டர் சொன்னது. நார்மல் என்றால் ஏன் எழவில்லை? மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். நகத்தில் பேனாவை வைத்து அழுத்தினால் கையை இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தக்கட்டு, வீக்கம், மண்டையோட்டு விரிசல் இருந்தால் காட்டும். உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவெடுக்க அது போதும். ஆனால் மூளை குலுங்கி உள்ளே நரம்பிழைகள் அறுந்திருந்தால் பல நேரம் அதில் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

அங்கே கொண்டுபோவதே பெரும்பாடு. காந்த அறை என்பதால் ஐ.சி.யூ. வெண்டிலேட்டர் உள்ளே போகக்கூடாது, அதற்கென்று தனி மெஷின். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் பிளேட் உண்டா, கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா என்று ஒரு ஃபாரம். அவன் சார்பில் நாம்தானே பதில் சொல்ல வேண்டும்? காலில் பழைய பிளேட் இருந்ததால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸ்அப்பில் வரவழைத்தேன். அரைஞாண் கயிற்றில் தாயத்து. அறுக்க விடமாட்டேன் என்று அம்மா நின்றார். "உள்ள என்ன தகடு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் டெக்னீஷியன். அம்மாவே அவிழ்த்துக் கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ.யில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் புள்ளி புள்ளியாக ரத்தக்கசிவு. டிஃப்யூஸ் ஆக்ஸோனல் இன்ஜுரி, அதாவது நரம்பிழைகள் பரவலாக அறுந்த காயம், கிரேடு 2. மூளைத்தண்டிலும் இருந்தால் கிரேடு 3 என்பார்களாம். எப்போது எழுவான் என்றால், "படம் அடிபட்ட இடத்தைச் சொல்லும், தேதி சொல்லாது" என்றார் நரம்பியல் டாக்டர். எரிச்சலாக இருந்தாலும் நேர்மையான பதில்.

2006-இல் நரம்பியல் விஞ்ஞானி ஏட்ரியன் ஓவனின் குழு, எது சொன்னாலும் பதில் அசைவு காட்டாத ஒரு பெண்ணை டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்லி, ஸ்கேனில் மூளை பதில் சொன்னதைப் பார்த்த செய்தியை மாமா அனுப்பியிருந்தார். அதையும் டாக்டரிடம் கேட்டேன். அது மூளை வேலை செய்வதைக் காட்டும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ., இங்கே வழக்கமாகச் செய்வதில்லை, இப்போதைக்கு மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் தினசரிப் பரிசோதனையும்தான் என்றார்.

தம்பி பிறகு கண் திறந்தான். கண் திறப்பது வேறு, நினைவு திரும்புவது வேறு. முகத்துக்கு நேரே கண்ணாடியை நகர்த்தி, பார்வை கூடவே போகிறதா என்று பார்ப்பார்கள். போக ஆரம்பித்தபிறகுதான் டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார்.

இன்னொன்று: ஃபிலிமோடு ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் காட்டப்போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.