பம்ப் இருந்தாலும் முந்திப் போடவேண்டிய இன்சுலின்

தானியங்கி இன்சுலின் பம்ப் பூட்டியவர்கள் சாப்பாட்டு நேரத்து மருந்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ள என் அண்ணாவின் மகன் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குக் கிளிநொச்சி வந்து எங்களுடன் தங்கியபோது, அது சரியல்ல என்பதை நேரிலேயே கண்டேன்.

தோலில் ஒட்டிய சென்சர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குளுக்கோசு அளவை அறிவிக்க, பம்ப் அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. இரவில் இது பெரும் வரம். ஆனால், சென்சர் அளப்பது குருதியை அல்ல, தோலுக்குக் கீழுள்ள திசுத் திரவத்தை என்பதால், சீனி ஏறுவது அதற்குச் சில நிமிடங்கள் பிந்தியே தெரியும். தெரிந்தவுடன் மருந்து விட்டாலும், விரைவாக வேலை செய்யும் இன்சுலின்கூடத் தொடங்குவதற்குப் பத்து முதல் இருபது நிமிடமும் உச்சத்துக்கு வர ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் எடுக்கும். கோதுமை மாப் புட்டு அதுவரை காத்திருப்பதில்லை.

ஆகவே குழலின் மேல் ஆவி தெரிந்ததும், "மாமி, இறக்க எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டு, மாச்சத்தைக் கணித்துப் பம்பில் பதிந்து இன்சுலினை விட்டு, கால் மணித்தியாலம் பொறுத்தே அவன் சாப்பிட அமர்வான். சீனி ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் காத்திருக்கமாட்டான்.

பிந்திப் போடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து ஞாபகம் வந்து முழு அளவையும் போட்டால், ஏறிய சீனியைக் கண்டு பம்ப் தானாகவே விட்ட இன்சுலினும் இதுவும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு சீனியை மிகக் கீழே இறக்கிவிடும். அப்படிப் பிந்தினால் பாதி அளவுக்கு மேல் போடவேண்டாம் என்று அவனுடைய மருத்துவக் குழு சொல்லிக் கொடுத்திருக்கிறது. கையால் ஊசி போடுபவருக்கு இல்லாத சிக்கல் இது. பம்ப் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

எங்கள் விருந்தோம்பலும் கணக்கைக் குழப்பும். வேண்டாம் என்றாலும் இன்னொரு அகப்பை சோறு இலையில் விழும். ஆதலால் அவன் நிச்சயமாக உண்ணும் அளவுக்கு மட்டும் முன்னரே போட்டுவிட்டு, மேலதிகமாக விழுந்ததற்குப் பின்னர் சேர்த்துப் போடுவான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் அன்னதானப் பந்தியில் எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. சோற்று வாளி தன் வரிசைக்கு வந்தபின்தான் அங்கே பதிவான். வீட்டில் உண்ணும் ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பு சில மணித்தியாலம் பிந்தி ஏற்றும் சீனியைப் பெரும்பாலும் பம்பே பார்த்துக்கொள்கிறது.

இங்கே அரச கிளினிக்கில் கிடைக்கும் சாதாரண கரையும் இன்சுலின் இன்னும் மெதுவானது. அதைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடவேண்டும். இந்த இன்சுலினையே போடும் என் மகள், ஊசி போட்டபின் தலை பின்னிப் புத்தகங்களை அடுக்கிவிட்டே காலையில் சாப்பிடுவாள். சீனி இறங்கினால் இன்சுலினைக் குறைக்க அவளிடம் பம்ப் இல்லை என்பதால், இடியப்பம் அடுப்பில் ஏறியபின்தான் நான் ஊசியை எடுப்பேன்.