காற்றடித்தால் உடைந்த படம்: ஆன்டெனா வேலை, மூன்றாவது வாரம்

ஒருவழியாகப் படம் உடையாமல் நிலைத்துவிட்டது! நேற்று மாலை நல்ல காற்று. இரண்டு மணி நேரம் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு கட்டம்கூடச் சிதறவில்லை.

திசை திருப்பும் வேலை போன வாரமே முடிந்தது. 15 குச்சி யு.எச்.எஃப் யாகி (ஒரே திசையை நோக்கி நிற்கும், வரிசையாகக் குச்சி வைத்த டிவி ஆன்டெனா), மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஜி.ஐ. பைப். காற்று இல்லாதபோது படம் பளிங்கு மாதிரி இருக்கும். காற்று எழுந்தால் போதும், கட்டம் கட்டமாக உடையும், குரல் வெட்டும். பைப் ஆடுகிறது என்று நினைத்து மூன்றாவது கிளாம்ப் போட்டேன். பலனில்லை. யோசித்தால், இந்த யாகி 30 டிகிரிக்கு மேல் அகலமாகவே சிக்னலை வாங்கும். பைப் ஓரிரண்டு டிகிரி அசைந்தால் ஒன்றும் ஆகாது. அப்படியானால் பழுது கேபிளில்தான்.

மல்டிமீட்டரை எடுத்தேன். கேபிளின் கீழ்முனையில் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வெளிவலைக்கும் வைத்ததும், இரண்டும் தொடுகின்றன என்று பீப் அடித்தது. கேபிள் ஷார்ட் என்று முடிவு கட்டிப் புதிதாக இழுக்க இருந்தேன். நல்லவேளை, நிறுத்தினேன். மடித்த டைபோலும் (யாகியில் கேபிள் சேரும் வளையக் குச்சி), அதன் 300 ஓமைக் கேபிளுக்கு ஏற்ற 75 ஆக்கும் பாலன் என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மரும் டி.சி.க்கு எப்படியும் ஷார்ட்டாகத்தான் தெரியும். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு அளந்தால்தான் உண்மை வரும். கழற்றி அளந்தேன், பீப் இல்லை. மேல்முனைக் கனெக்டரைப் பிடித்து லேசாக வளைத்தேன். பீப்!

கனெக்டரை வெட்டிப் பிரித்தபோது உள்ளே வெளிவலையின் ஒரே ஓர் இழை, தலைமுடி அளவு, வெள்ளை நுரையின் மேல் ஏறி நடுக்கம்பியை எட்டிக்கொண்டிருந்தது. கேபிள் காற்றில் இழுபடும்போதெல்லாம் அது தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. மூன்று வாரம் தின்றது அந்த ஓர் இழை.

அதனால் எஃப் கனெக்டர் (டிவி கேபிள் முனையில் போடும் உலோக இணைப்பு) போடுவதை மட்டும் 11 முறை செய்து பழகினேன். வலையை வெளியுறைமேல் பின்னால் மடக்கியதும் ஈரவிரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். தப்பிய இழை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலில் குத்தும். நுரையோடு ஒட்டிய அலுமினியத் தாளை உரிக்காதீர்கள். வெள்ளை நுரை கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. நீண்டால் போதும். நடுக்கம்பியில் ஒட்டிய வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டுங்கள், பிளேடு வேண்டவே வேண்டாம். பல கேபிள்களில் அது செம்பு பூசிய எஃகுதான். 500 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் மேற்பரப்பில் சுமார் 3 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடும். பூச்சைச் சீவினால் ஓடும் பாதையையே சீவியதாகும்.

திருகிப் போடும் வகைக் கனெக்டரை இனி தொடமாட்டேன். அழுத்திப் போடும் வகையே நிற்கிறது. வாங்கும்போது ஆர்.ஜி. 6 கேபிளுக்கா 59 கேபிளுக்கா என்று பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். முதல் தடவை எனக்குக் கலந்து கொடுத்துவிட்டார்கள். 59 மெலிசு, அதற்கான கனெக்டர் 6-இன் உறைமேல் ஏறவே ஏறாது.

அடுத்து, பின்பக்கத்து நிலையத்துக்குத் தனியாக ஒரு யாகி நானே செய்யப் போகிறேன். 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 60 செ.மீ., டைபோல் 30-க்குச் சற்றுக் குறைவாக. அலுமினியக் குழாய் அறுத்து வைத்தாயிற்று. இரண்டாவது டிவிக்கு ஸ்ப்ளிட்டர் (சிக்னலை இரண்டாகப் பிரிப்பது) வைத்தால் சிக்னலில் 3.5 டெசிபல், அதாவது பாதிக்கு மேல், போகும். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் தேவைப்பட்டால் டிவி பக்கத்தில் இல்லை, மேலே ஆன்டெனாவை ஒட்டித்தான் வைப்பேன். கேபிள் சிக்னலைத் தின்ற பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

மேல் இணைப்பில் ரப்பர் டேப் சுற்றியாயிற்று. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், மழைநீர் வழிந்து உள்ளே வராமல் சொட்டிவிட, கீழ்நோக்கி ஒரு வளைவும் விட்டிருக்கிறேன். பைப்புக்கு எர்த் கம்பி மட்டும் இன்னும் இழுக்கவில்லை. புது யாகி அதற்குப் பிறகுதான்.