அம்மா வைத்த நேர்த்தி

அந்த நேர்த்தியை வைத்தவர் என்னைப் பெற்ற தாயார் அல்லர். என் நண்பனின் தாயார். மூன்று வருடங்களுக்கு முன்பு கொழும்பில் எனக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்த அன்று, திருகோணமலையில் தமது வீட்டுச் சாமியறையில் இருந்தபடியே, "பிள்ளை சுகமாக எழும்பினால் அவன் கையாலேயே கோணேசருக்குப் பால் கொடுப்பேன்" என்று சொல்லி, ஒரு ரூபாய்க் குற்றியொன்றை மஞ்சள் துணியில் முடிந்து படத்தடியில் வைத்தாராம். நான் எழும்பினேன். ஆனால் கோணேசர் கோயில் இருக்கும் மலையில் ஏறலாம் என்று வைத்தியர் சொன்ன காலத்தில் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார், பிறகு எழும்பவேயில்லை. ஆட்டைத் திவசம், அதாவது முதலாண்டுத் திதி, முடியும்வரை பொறுத்திருந்த நண்பன், முடிந்த மறுவாரமே தொலைபேசியில் அழைத்தான். "மச்சான், அம்மாவின் முடிச்சு சாமியறையிலேயே கிடக்கிறது. நீ எப்போது வருகிறாய்?" அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விடுமுறை கிடைத்ததோ ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில்தான். இரவு ரயிலில் புறப்பட்டு விடியற்காலையில் திருகோணமலை நிலையத்தில் இறங்கினேன். அம்மா இல்லாத அந்த வீட்டுக்குள் நுழைவது எப்படி என்று வழியெல்லாம் கலங்கிக்கொண்டே வந்தேன். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் மாறிமாறி அள்ளி வார்த்து, அவருடைய அந்தியேட்டிக் கிரியைகளை நடத்திய நாளில் அவனுடன் நின்றவன்தான் நான். அதன்பின் அந்த வீட்டை மிதித்ததில்லை. நண்பன் என்னை யோசிக்கவிடவில்லை. நான் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வரும்போது, மாடு வைத்திருக்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வாங்கிய பாலை, அம்மாவின் பித்தளைச் செம்பில் ஊற்றி, வாட்டிய வாழையிலையால் வாயை மூடி, நாரினால் கட்டி வைத்திருந்தான். முடிச்சைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செம்பை என்னிடம் தந்தான்.

கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டை வாயிலுக்குள் நுழைந்ததும் அவன் நின்றுவிட்டான். 1622ஆம் ஆண்டில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளையும் அறிந்த கதை. மீன் சின்னமும் சிதைந்த தமிழெழுத்துகளும் பொறித்த கல், அந்த வாயிலில் இன்றைக்கும் இருக்கிறது. குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று அதில் எழுதியிருப்பதாகப் பெரியவர்கள் படித்துக் காட்டுவார்கள். "இந்த எழுத்தைப் பார், ஒவ்வொரு வருடமும் மங்கிக்கொண்டே போகிறது" என்றான் அவன். நூறு முறையாவது பார்த்த கல் அது. இருந்தாலும் நின்று பார்த்தேன்.

அடுத்து மான்களிடத்தில் நின்றான். சிறுவயதில் வீட்டில் உண்ட வாழைப்பழத் தோல்களைச் சேர்த்துவைத்து அவற்றுக்குக் கொண்டுவந்து கொடுப்போம். அம்மாவே ஒரு பையில் கட்டித் தருவார். இப்போது மான்கள் இரை தேடி ஊருக்குள் இறங்கிவிட்டன என்றும், குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று வயிறு வீங்கிச் சாகின்றன என்றும் மனம் நொந்து சொன்னான். வீட்டு வாசலுக்கு வரும் மானை விரட்டவும் முடியவில்லை, அதற்கு எதைக் கொடுப்பது என்றும் தெரியவில்லை என்றான். ஏற்றத்தின் நடுவில் கடல் தெரியும் இடத்தில் மீண்டும் நின்றான். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அறைந்தது. அங்கே நின்றுதான் ஊர்ப்புதினங்கள் எல்லாம் வந்தன: எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் மகனிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், எங்கள் ஒழுங்கையின் பாதி வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லை, ஆயினும் சிவராத்திரிக்குப் பின் சுவாமி நகர்வலம் வந்த ஐந்து நாளும், பூட்டிக்கிடந்த வீட்டுப் படலைகளின் முன்னும் அயலவர்கள் நிறைகுடம் வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. ஊரை விட்டுப் போனவர்களின் வாசலிலும் கோணேசர் நின்று போயிருக்கிறார் என்பதைக் கேட்கும் பாக்கியத்துக்காகவாவது நான் பிழைத்தேனே என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மூச்சு வாங்கத் தொடங்கிய இடங்களில்தான் அவன் நின்றிருக்கிறான். களைத்துவிட்டாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதைவிட, அவை மூன்றும் அம்மா நின்ற இடங்கள். நாங்கள் இளைஞர்களாக அவரைக் கூட்டிக்கொண்டு ஏறிய நாட்களில், அந்தக் கல்லின் கதையையும் மான்களின் கதையையும் அவர் நின்றுநின்று சொல்வார். அவருக்குக் கால் உளைந்ததை நாங்கள் அறியவில்லை. "அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரியும்" என்றான் அவன், நான் கேட்காமலே.

மேலே சனக்கூட்டம் தாங்க முடியவில்லை. விடுமுறை நாளென்றால் எங்கெங்கிருந்தோ பேருந்துகளில் வந்து இறங்குகிறார்கள். சுவாமியைக் கும்பிட வருகிறவர்கள் எவராயினும் வரட்டும், அது அவன் வீடு. ஆனால் இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவின் விளிம்பில், சுமார் 400 அடி ஆழத்தில் கடல் கொந்தளிக்கும் இடத்தில், பிள்ளையைத் தூக்கி நிறுத்திப் படம் எடுப்பதும், தொட்டில் கட்டிய மரத்தில் சாய்ந்து நின்று சிரிப்பதும் மனதை வருத்துகின்றன. அந்தச் சிறு தொட்டில் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் கண்ணீர் அல்லவா! வழியில் ஒருவர் அர்ச்சனைத் தட்டை என் கையில் திணித்து, பாற்செம்பு இருக்கிறது என்று சொல்லியும் விடாமல், இரண்டு மடங்கு விலை கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அந்த இழுபறியில் செம்பு சரிந்து கொஞ்சம் பால் சிந்திவிட்டது. எனக்கு நெஞ்சு பதறியது. "பூமாதேவிக்கும் பங்கு வேண்டுமாம், நட" என்றான் நண்பன். சுடுகல்லில் வெறுங்காலுடன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம்.

சந்நிதியில் குருக்கள் செம்பை வாங்கிக்கொண்டு, "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு நா எழவில்லை. என் தாயார் நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே மறைந்துவிட்டார். சாதகக் குறிப்பு இடப்பெயர்வில் தொலைந்தது. கேட்டறிய ஒருவரும் இல்லாமல் ஐம்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். பின்னால் நின்ற நண்பன் தயங்காமல், "பூரட்டாதி, கும்ப ராசி" என்றான். திரும்பிப் பார்த்தேன். "அம்மாவின் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதியிருக்கிறது. உன் அம்மாவிடம் அந்தக் காலத்திலேயே கேட்டு வைத்திருந்தார். பஞ்சாங்கம் மாற மாற, புதியதிலும் எழுதுவார். வருடாவருடம் என் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது உன் பெயருக்கும் செய்வார். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. திரை விலகியது. பால் இறங்கியது. அம்மாவின் செம்பிலிருந்து சிந்தாமல் மிச்சமிருந்த பால், மெல்லிய வெள்ளை நூலாக லிங்கத்தின் மேல் விழுந்து பரவியதைக் கண்டேன். அதன்பின் என் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தீபாராதனை காட்டினார்கள், மணி அடித்தது, யாரோ என் தோளைத் தள்ளினார்கள். வாய் தானாக, "கோணமாமலை அமர்ந்தாரே" என்றது. சம்பந்தப் பெருமான் கடல் கடந்து வரவில்லை, இராமேச்சரத்தில் நின்றபடியே இந்தப் பதியைப் பாடினார் என்பார்கள். கொழும்பில் நான் மயக்க மருந்தில் கிடந்த நேரம், இந்த மலையடியில் ஒரு தாய் எனக்காக நின்றதும் அவன் திருவருளே. பெற்றவளை எடுத்துக்கொண்டவன், என் நட்சத்திரத்தை ஒரு பஞ்சாங்க அட்டையில் பத்திரமாக வைத்திருந்து, அவன் சந்நிதியிலேயே எனக்குத் திருப்பித் தந்தான். கோணேசா, மாதுமை அம்மையே, இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்!

உண்டியலடியில் நண்பன் முடிச்சை எடுத்தான். மூன்று வருடமாக இறுகிய முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுக்கப் போனவன், என்ன நினைத்தானோ, "நீ அவிழ்" என்று என் கையில் தந்தான். நகத்தால் நெகிழ்த்தி நெகிழ்த்தி எடுத்தேன். குற்றியின் ஒரு பக்கம் மஞ்சள் ஊறிக் கறுத்திருந்தது. அதை உண்டியலில் போட்டேன். வெறுந்துணியை அவன் மடித்துச் செம்பின் கழுத்தில் கட்டினான். மாதுமை அம்பாளைக் கும்பிட்டு, திருநீறும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

இறக்கத்தில் எனக்கு மூச்சு வாங்கவில்லை. காற்றும் தணிந்திருந்தது. ஆயினும் கோட்டை வாயிலில், மீன் பொறித்த கல்லருகே வந்ததும் அவன் நின்றான். செம்பைக் கைமாற்றிக்கொண்டு நானும் நின்றேன்.