முன்குறித்துவிட்டால் ஜெபம் எதற்கு?

"யார் ரட்சிக்கப்படணும்னு ஆண்டவர் முன்னாடியே குறிச்சுட்டார்னா, என் வீட்டுக்காரருக்காக நான் எதுக்கு முழங்கால் தேய ஜெபிக்கணும் பாஸ்டர்?" உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கும்போது ஓர் அக்கா கேட்டார். பாஸ்டர் பைபிளில் ரோமர் 9-ஐ எடுத்தார். பிறக்கும் முன்பே தெரிந்துகொள்ளப்பட்ட யாக்கோபு, தள்ளப்பட்ட அண்ணன் ஏசா, தன் இஷ்டப்படி வனையும் குயவன், எதிர்த்துக் கேட்க முடியாத களிமண். அக்காவின் முகம் இன்னும் வாடிவிட்டது.

பாஸ்டர் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஒன்பதாம் அதிகாரத்தை எழுதிய அதே பவுல், பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இஸ்ரவேலரின் ரட்சிப்புக்காக மன்றாடுகிறார். முன்குறித்தல் அவர் வாயை அடைக்கவில்லை.

பழங்காலச் சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனார் கேள்வியையே திருப்பிப் போட்டார். விசுவாசம் முழுக்க மனிதன் கையில்தான் என்றால், அவனுக்காகக் கடவுளிடம் ஏன் கேட்கிறோம்? அவனிடமே பேசிவிட்டுப் போகலாமே! (இவர் மனம் திரும்ப அம்மா மோனிக்கா வருஷக்கணக்கில் அழுது ஜெபித்தார்.)

சண்டையும் உண்டு. 1739-ல் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி முன்குறித்தலைத் தாக்கிப் பிரசங்கித்து, அதை அச்சிலும் போட்டார். முன்குறித்தலை நம்பிய சக பிரசங்கியார், நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு 1740 டிசம்பரில் காரமாகப் பதில் எழுதினார். ஆனாலும் 1770-ல் ஒயிட்ஃபீல்டு இறந்ததும் லண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

என் மனம் வெஸ்லி பக்கம். எல்லா மனுஷரும் ரட்சிக்கப்படக் கடவுள் விரும்புகிறார் என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்கிறதே. ஆனால் முழங்காலில் நின்றால் நானும் முன்குறித்தலை நம்பும் பக்கா கால்வின்காரன்தான். "ஆண்டவரே, அவன் மனசைத் திருப்பும்" என்றுதான் வாயில் வருகிறது. "அவன் சுயசித்தத்தில் கை வைக்காதேயும்" என்று எந்தச் சபையிலும் யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை.