பிசினஸ் லைனுக்கு மாறினோம்: கேட்டு வாங்க வேண்டியவை

எங்கள் ஆபீசுக்கு இணைய இணைப்பு கொடுத்துவந்த நிறுவனம் திடீரென்று பிசினஸ் வாடிக்கையாளர்களுக்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்து, லீஸ்டு லைன் (நமக்கென்றே ஒதுக்கிய இணைப்பு), சிப் ட்ரங்க் (டேட்டா லைன் வழியாக ஓடும் ஆபீஸ் தொலைபேசி இணைப்பு), கிளைகளை இணைக்க எஸ்டி-வான், கிளவுட் பேக்கப் என்று வரிசையாக அறிவித்தது. மாறலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாறி முடித்தாயிற்று. இதே வேலை தலையில் விழுந்தவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர் பேசியதெல்லாம் வேகம், வேகம், வேகம். எங்களுக்கோ டவுன்லோடில் குறையே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபைல் ஏற்றும்போதுதான் வீடியோ கால் திணறும். சாதாரண ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் ஜிபான் முறையில் வருகிறது. ஒரே ஃபைபரை 32 அல்லது 64 இடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், கீழே வரும் சுமார் 2.5 கிகாபிட்டையும் மேலே போகும் 1.25 கிகாபிட்டையும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லீஸ்டு லைனில் எழுதிக் கொடுத்த வேகம் இரண்டு பக்கமும் நமக்கு மட்டும்தான். அதனால் பழைய திட்டத்தைவிடக் குறைந்த வேகத்தையே கேட்டோம், இப்போது அதுவே தாராளமாக இருக்கிறது.

அப்புறம் எஸ்எல்ஏ, அதாவது லைன் எவ்வளவு நேரம் தடையில்லாமல் ஓடும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். நான் அதிக நேரம் உட்கார்ந்தது இந்தத் தாளோடுதான். முதல் வரைவில் 99.5 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 44 மணி நேரம் லைன் இல்லாமல் கிடந்தாலும் அவர்கள் வாக்குத் தவறியதாக ஆகாது. 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம், 99.99 என்றால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நாங்கள் 99.9 கேட்டு வாங்கினோம். ஆனால் சதவீதத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, புகார் பதிவான நிமிடத்திலிருந்து எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள், அது ராத்திரிக்கும் விடுமுறைக்கும் பொருந்துமா என்பது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யும் பராமரிப்பு நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், தவறினால் கிடைப்பதும் மாத வாடகையில் ஒரு பங்குக் கழிவுதான், நம் வியாபார நஷ்டத்துக்கு ஈடு இல்லை. இதையெல்லாம் வாயால் கேட்டால் ‘பாத்துக்கலாம் சார்’ என்றுதான் பதில் வரும், எழுத்தில் கேளுங்கள்.

பேக்கப் லைனும் எடுத்தோம். விற்பனைப் படத்தில் இரண்டு லைனும் வேறு வேறு கோடுகளாக அழகாக இருந்தன. சர்வேக்கு வந்த பொறியாளரோடு நானும் தெருமுனை வரை நடந்தேன். அவர் மேன்ஹோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார்: இரண்டு ஃபைபரும் ஒரே குழாய்க்குள்தான் போகப்போகின்றன. தெருவில் ஒரு தடவை பள்ளம் தோண்டினால் இரண்டும் சேர்ந்தே போகும், பிறகு பேக்கப் எதற்கு? அந்த மனிதர் நேர்மையாகக் காட்டியதால்தான் இரண்டாவது லைனை மொட்டைமாடி வழியாக வயர்லெஸ்ஸில் மாற்றிக் கேட்டோம். யார் எடுத்தாலும் சர்வே அன்று கூடவே நடந்து பாருங்கள்.

ஸ்டேட்டிக் ஐபியில், அதாவது மாறாத இணைய முகவரியில், ஒரு விஷயம். எட்டு முகவரி கொண்ட தொகுப்பு என்பார்கள், அதில் நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்று ஒதுக்கப்படும் இரண்டும், அவர்களுடைய கேட்வேக்கு (அவர்கள் பக்கத்து ரூட்டர்) ஒன்றும் போக நமக்கு ஐந்துதான் மிஞ்சும். சொந்த மெயில் சர்வர் இருந்தால் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவையும் (இந்த ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று காட்டுவது) அப்போதே கேட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் நாம் அனுப்பும் மெயில் பல இடங்களில் ஸ்பேமுக்குப் போய்விடும்.

தொலைபேசியை சிப் ட்ரங்குக்கு மாற்றியதுதான் உண்மையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் வருடக்கணக்காக அழைத்துவரும் நம்பர் அது. போர்ட்டிங் (அதே நம்பரைப் புது இணைப்புக்கு மாற்றுவது) முடிந்து புது ட்ரங்கில் அழைப்பு வருகிற வரைக்கும் பழைய இணைப்பை ரத்து செய்யவே கூடாது, ரத்து செய்தால் நம்பரே கைவிட்டுப் போகலாம். பழைய காப்பர் லைனில் ஃபேக்ஸ், லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி, தீ அலாரம் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், அதை யாரும் ஞாபகமாகச் சொல்ல மாட்டார்கள், நாமே தேடிப் பட்டியல் எடுக்க வேண்டும். மாறிய பிறகு சில அழைப்புகளில் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. ரூட்டரில் சிப் அழைப்புத் தகவலை இடையில் மாற்றியமைக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி ஆன் ஆகியிருந்ததுதான் காரணம், அணைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு அழைப்புக்குச் சுருக்காத ஒலியில் இரண்டு பக்கமும் தலா 90 கிலோபிட் அளவு போதும், ஆகவே லைன் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் போதும்.

புது லைன் வந்த பிறகும் பழைய இணைப்பை ஒரு பில் சுழற்சி முழுக்க வைத்திருந்தோம். வீண் செலவு என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகார் எண்ணில் யாரும் எடுக்காவிட்டால் அடுத்து யாரை, அதற்கு மேல் யாரை அழைப்பது என்று பெயரும் கைபேசி எண்ணும் உள்ள தாளை வாங்கி சர்வர் ரேக்கிலேயே ஒட்டியிருக்கிறோம்.

எஸ்டி-வான் மட்டும் எடுக்கவில்லை. எங்களுக்கு இருப்பது இரண்டே கிளைகள், அவற்றை இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் இப்போதைய விபிஎன் நன்றாகவே ஓடுகிறது. மூன்றாவது கிளை வந்தால் அப்போது பேசலாம் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.