வெளிர் மஞ்சள்

"சார், தண்ணி இன்னும் தெளியலை" என்று போனில் சொன்னது நான்தான். சொல்லிவிட்டதால் என் பொறுப்பு தீர்ந்துவிட்டதா என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கார்பன் முறையில் வயது பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது அது. ஒரு குகையின் அடிமட்ட மண்ணடுக்கில் கிடைத்த ஒரே ஒரு கரித்துண்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். அமிலத்தில் போட்டு எடுத்தாயிற்று. அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிச் சூடாக்கினால், கொஞ்ச நேரத்தில் குழாய் முழுக்கக் கரும்பழுப்பு. மண்ணில் மக்கிய இலைதழையிலிருந்து உண்டாகிக் கரிக்குள் ஊறிய ஹியூமிக் அமிலம், அதாவது நான் கழுவி நீக்க வேண்டிய அழுக்கு, கரைந்து வருகிற நிறம் அது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன், தேன் நிறம். நாலாவது தடவை வெளிர் மஞ்சள். முறைப்படி நிறமே வராமல் போகிறவரை கழுவ வேண்டும், ஆனால் அவ்வளவு பழைய கரியில் அழுக்கு மட்டும் கரைவதில்லை, கரியும் கூடவே கரையும். குழாயின் அடியில் பென்சில் முனையைத் தேய்த்த தூள் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு அப்போதுதான் போன் செய்தேன்.

"இன்னொரு தடவை கழுவினா அளக்க மிஞ்சுமா?"

"சந்தேகம்தான் சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ நிறுத்திடுங்க. அந்த அடுக்குக்கு வேற தேதியே கிடையாது."

நிறுத்தினேன். 33,000 ஆண்டு, கூட்டல் கழித்தல் 400 என்று வந்தது. அவர் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த 400தான் என்னை உறுத்துகிறது. படிப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்தத் தேதி எவ்வளவு தப்பாக இருந்தாலும் இதற்குள்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அது, காலம் போகப் போகக் குறைந்து வயதைக் காட்டிக்கொடுக்கும் கார்பன்-14 அணுக்களைக் கருவி எண்ணியதில் உள்ள நிச்சயமின்மை, அவ்வளவே. குழாயில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது அந்த எண்ணுக்குத் தெரியாது. 40,000 ஆண்டுப் பழைய கரியில், முதலில் இருந்த கார்பன்-14இல் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அதில் இன்றைய கார்பன் வெறும் 1 விழுக்காடு கலந்தால் போதும், அது 33,000 என்று காட்டும். அதாவது எனக்கு வந்த அதே எண். 5,000 ஆண்டுக் கரியாக இருந்தால் அதே 1 விழுக்காடு நூறு ஆண்டைக்கூட நகர்த்தாது. ஆதிகாலத்துக்குப் போகப் போகத்தான் இந்தத் தொழிலில் அழுக்கு இவ்வளவு கனக்கிறது.

சரி, ஹியூமிக் அமிலம் ஒன்றும் இன்றைய கார்பன் இல்லையே, அதுவும் பல ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கலந்தது 10,000 ஆண்டுப் பழசு என்றால் பிழை 3,000 ஆண்டுக்குள் அடங்கிவிடும். கணக்கு சரிதான். ஆனால் என் குழாயில் இருந்தது எவ்வளவு பழசு என்று நான் அளக்கவில்லை. வடித்த மஞ்சள் நீரைத் தனியாக எடுத்துவைத்து அதற்கும் ஒரு தேதி பார்த்திருக்கலாம், அது செய்யக்கூடிய வேலைதான். அன்றைக்கு அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

'குறைந்தது 33,000' என்று போடலாமா என்று அறிக்கை அனுப்பும்போது கேட்டதும் நினைவிருக்கிறது. "அட்டவணையில எல்லாத்துக்கும் ஒரு எண் வேணும்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு குகைகளை வரிசைப்படுத்தி, எந்தக் கல்லாயுத மரபு முதலில், எது அடுத்து என்று ஒரு வட்டாரத்துக்கே காலவரிசை கட்டுகிறவருக்கு 'குறைந்தது' என்ற சொல் எவ்வளவு தொந்தரவு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நாலு குகைகளின் கீழடுக்குகள் இப்போது என் எண்ணைப் பார்த்துத்தான் தங்கள் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் என்ற, அழிந்துபோன மனித இனம் 30,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட இருந்ததாகக் காட்டிய தேதிகள், மாதிரிகளை இன்னும் கடுமையாகச் சுத்தம் செய்து அளந்தபோது இன்னும் பழைய காலத்துக்குப் போயின. 2014இல் வந்த பெரிய ஆய்வு அவர்களுடைய முடிவை ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பு வைத்தது. அந்தப் பழைய தேதிகளைக் கொடுத்தவர்களும் என்னைப் போலக் கவனமாகக் கழுவியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

போன மாதம் இன்னொரு குகையிலிருந்து அதே மாதிரி ஒரு துண்டு வந்தது. இந்தத் தடவை யாருக்கும் போன் செய்யவில்லை. தெளிகிறவரை கழுவினேன். ஆறாவது தடவை தண்ணீர் சுத்தமாக வந்தது, குழாயில் ஒன்றும் இல்லை. அதைத் தோண்டி எடுத்த பெண் நேரில் வந்து விசாரித்தபோது காலிக் குழாயைக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருக்கலாமே சார்" என்றாள்.